கண்ணாடித் தொட்டியில் ஒரு கடல்

எங்கள் ஒடுகத்தூர் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர். வெள்ளிக்கிழமை தோறும் கூடும் ஆட்டுச் சந்தையால் சுற்று வட்டாரத்தில் இதன் பெயர் அறியப்பட்டது. உத்திர காவேரி ஆறு மழைக் காலத்தில் மட்டும் தண்ணீர் காட்டும். கடலைக் காண விரும்புவோர் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போக வேண்டும். இவ்வூர் மத்ரஸாவில் பல்லாண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வரும் எனக்கும் கடலுக்கும் அதற்கு மேல் உறவு இருந்ததில்லை.

திருமறையின் ஐம்பத்தைந்தாம் அத்தியாயத்தில் முத்தோடு சேர்த்து ‘மர்ஜான்’ என்றொரு பொருள் சொல்லப்படுகிறது. பெரும்பாலான தமிழாக்கங்களில் அது பவளம். விரிவுரையாளர்களிடையே இச்சொல்லுக்குப் பொருள் கொள்வதில் கருத்து வேறுபாடு உண்டு. சிறு முத்துக்களையே அது குறிக்கும் என்பாரும் உளர். செந்நிறப் பவளம் என்பாரும் உளர். இவற்றையெல்லாம் நான் பாடமாகவே வைத்திருந்தேன். ஒரு நாள் பத்து வயது மாணவன் ஒருவன் எழுந்து, “ஹஜ்ரத், மர்ஜான் உயிருள்ளதா, கல்லா?” என்று கேட்டான். இத்தகைய கேள்வியை எந்தக் கிதாபிலும் நான் எதிர்பார்த்ததில்லை. ஆயினும் ஆசிரியனுக்கே உரிய துணிச்சலோடு, “கல்” என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். என் மனக்கண்ணில் இருந்தது நகைக் கடை மோதிரத்தில் பதித்த சிவப்பு மணி ஒன்றுதான்.

சில மாதங்கள் கழித்து, சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் பணியாற்றும் என் மகனிடம் ஐம்பது நாள் தங்கி வரும் வாய்ப்புக் கிடைத்தது. பதினோராவது மாடியில் அவன் வீடு. கூடத்தின் ஓரத்தில், நம் வீட்டுத் தகரப் பெட்டி அளவில் ஒரு கண்ணாடித் தொட்டி. அறுபது லிட்டர் கொள்ளும் என்றான். அதற்குள் நீல ஒளியில், மான்கொம்பு போல் கிளைத்த ஒன்றும், மடிப்பு மடிப்பாகச் சுருண்ட ஒன்றும், பச்சை விரல்களை நீட்டி அசைந்த மற்றொன்றும் இருந்தன. “செடிகளா?” என்றேன். “அத்தா, நீங்கள் ஓதிக் கொடுக்கிற மர்ஜான்” என்றான்.

நான் நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

மோதிரத்துச் செம்பவளம் மத்தியதரைக் கடலில் வளர்வது. இதற்குத் தூரத்து உறவு. தொட்டியில் இருந்தவை வெப்பக் கடல்களில் பாறை கட்டும் பவளங்கள். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான சிற்றுயிர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பு. மெல்லிய தோலுக்குக் கீழே அவ்வுயிர்கள் நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தமக்கென எலும்புக்கூடு கட்டிக் கொள்கின்றன. தோலுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, வெளிச்சத்தைக் கொண்டு உணவு சமைத்து, வாடகை போலப் பவளத்துக்கும் கொடுக்கிறது. எனவே நான் அந்தச் சிறுவனுக்குச் சொன்ன விடை பாதி தவறு. கல்லும் உண்டு, உயிரும் உண்டு. உயிர்தான் கல்லைக் கட்டுகிறது.

என் மகனுக்கோ பவளத்தின் அழகைவிட அது வாழும் தண்ணீரைப் பற்றிய கவலையே பெரிது. கடல் என்பது எல்லையற்ற பரப்பு. அதில் ஒரு குடம் எதைக் கொட்டினாலும் அதன் இயல்பு மாறாது. அறுபது லிட்டரில் ஒரு கரண்டி கூடினாலும் குறைந்தாலும் உயிர் போகும். நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் நீர் ஆவியாகிறது. உப்பு ஆவியாவதில்லை. ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்ற வேண்டும். உப்பு நீரை ஊற்றினால் நாளுக்கு நாள் உப்புக் கூடிவிடும். அந்த நன்னீரும் குழாயிலிருந்து நேராக வரலாகாது. அந்நகரின் குடிநீரில் கிருமி நீக்கக் குளோரமைன் கலக்கிறார்கள். மனிதருக்குத் தீங்கில்லாத அது பவளத்துக்கு நஞ்சு. சவ்வு வடிகட்டியில் செலுத்தி, பிறகு எஞ்சிய உப்புக்களையும் நீக்கிய நீரைத்தான் அவன் பயன்படுத்தினான். எங்கள் ஊர்க் கிணற்று நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதை நினைத்துக் கொண்டேன்.

நீரின் கனத்தை அளக்க ஒரு கருவி வைத்திருந்தான். நன்னீர் ஒன்று என்றால் கடல்நீர் 1.025 அளவில் நிற்க வேண்டுமாம். இக்கருவியைப் பார்த்ததும் எனக்கு ‘மீஸானுல் ஹிக்மா’ நினைவு வந்தது. மர்வ் நகரத்து அல்காஸினி 1121ஆம் ஆண்டில் எழுதிய துலாக்கோல் நூல் அது. திரவங்களில் மிதக்கவிட்டு அவற்றின் அடர்த்தியை அறியும் கருவியை அவர் அதில் விவரிக்கிறார்; அவருக்கு நூறாண்டு முந்திய அல்பீரூனி மணிக்கற்களின் ஒப்படர்த்தியை அளந்த செய்தியையும் தருகிறார். நம் முன்னோர் பெருமையைப் பேசி மகிழ்வதோடு நின்றுவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. நானும் அன்று அரை மணி நேரம் பேசினேன். மகன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி அத்தா, இப்போது நீங்களே அளந்து சொல்லுங்கள்” என்று கருவியைக் கையில் கொடுத்தான். மூன்று முறை தவறாகப் படித்தேன்.

உப்புக்கு அடுத்தபடி அவன் அன்றாடம் கவனித்தவை இரண்டு. ஒன்று சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 420 மில்லிகிராம். மற்றொன்றை ‘ஆல்கலினிட்டி’ என்றான். அமிலத்தைத் தாங்கி நிற்கும் வலிமை என்று விளக்கினான். நாம் காரத்தன்மை எனலாம். இச்சொல்லைக் கேட்டதும் என் அரபு விழித்துக் கொண்டது. ‘அல்கலீ’! உவர்நிலத்துச் செடிகளை எரித்து எடுத்த சாம்பலுக்கு அரபிகள் இட்ட பெயரன்றோ அது! ‘கலா’ என்றால் வறுத்தான். நம் கடற்கரைகளில் உமரிச் செடி வளர்கிறதே, அந்த வகைச் செடிகள்தாம். ஐரோப்பிய வேதியியல் அச்சொல்லை அப்படியே எடுத்துக் கொண்டது. பிள்ளைகளுக்கு நான் கற்பித்த மொழியிலிருந்து ஒரு சொல் உலகைச் சுற்றி வந்து, பதினோராவது மாடியில் என் மகன் வாயிலிருந்து எனக்கே திரும்பி வந்ததில் எனக்குச் சிறு மகிழ்ச்சி.

பவளம் எலும்பு கட்டும்போது கால்சியத்தையும் காரத்தையும் ஒரு கணக்கில் சேர்த்து இழுக்கிறது. காரத்தை ஜெர்மானிய அளவையில் பாகைகளாகச் சொல்வது வழக்கம். கடலில் அது 7 பாகை அளவு. ஒரு பாகை குறைந்தால் கூடவே லிட்டருக்கு 7 மில்லிகிராம் கால்சியமும் குறைந்திருக்கும். இழந்ததை நாள்தோறும் ஈடு செய்ய வேண்டும். அதற்கு என் மகன் கையாண்ட மருந்தைக் கேட்டு நான் சிரித்தே விட்டேன். சுண்ணாம்புத் தெளிவு! வெற்றிலை போடும் என் தாயார் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவிட்டு மேல்நீரை எடுத்து வைப்பார்களே, அதே நீர். ஜெர்மனியைச் சேர்ந்த பீட்டர் வில்கென்ஸ் என்பார் பவளத் தொட்டிக்கு இதனைப் பயன்படுத்தும் முறையை எழுதிப் பரப்பினாராம். ‘கால்க்வாஸர்’ என்ற அவர்கள் சொல்லுக்கும் பொருள் சுண்ணாம்பு நீர்தான். கடைச் சுண்ணாம்பில் வேறு பொருள்கள் கலந்திருக்கலாம் என்பதால் சோதனைக்கூடத்துக்குரிய தூய பொடியை வாங்குகிறார்கள், வேறுபாடு அவ்வளவே. கால்சியமும் காரமும் பவளம் இழுத்த அதே கணக்கில் அந்நீரில் இருக்கின்றன.

அந்நீரை ஊற்றுவதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அது கடுங்காரம். பி.எச். அளவில் பன்னிரண்டுக்கும் மேல். கடல்நீரோ 8.2 அளவில் நிற்பது. ஆகவே அதைச் சொட்டுச் சொட்டாக, அதுவும் இரவில் விட வேண்டும். இரவில் பாசி உணவு சமைப்பதில்லை. எல்லா உயிர்களும் மூச்சு மட்டும் விடுகின்றன. நீரில் கரியமில வாயு மிகுந்து பி.எச். தாழும். அப்போது சொட்டும் சுண்ணாம்பு நீர் அவ்வாயுவோடு கூடி அமைதியாகக் கரைந்துவிடும். வீட்டார் விடும் மூச்சுக்கூடத் தொட்டிக்குத் தெரியும் என்பது எனக்குப் புதுமை. பெருநாளன்று உறவினரும் நண்பரும் இருபத்தைந்து பேர் கூடி, சன்னல்களை அடைத்துக் குளிர்சாதனத்தைப் போட்டிருந்தபோது பி.எச். இறங்கியதை அவன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தான். “பிரியாணி 8.0” என்று பக்கத்தில் ஒரு குறிப்பு.

அந்தக் குறிப்பேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாண்டுகளாக நாள் தவறாமல் எண்கள். 8.0, 7.9, 8.1, 8.0. புரட்டிப் பார்த்த எனக்கு அலுப்பே தட்டியது. “எட்டுதான் சரியான எண்ணா?” என்றேன். “ஏழிலும் வாழும், ஒன்பதிலும் வாழும் அத்தா. ஏழிலிருந்து ஒன்பதுக்கு ஒரே இரவில் போனால் வாழாது” என்றான்.

நான் சிங்கப்பூர் சென்ற மூன்றாம் வாரம், பணி நிமித்தம் அவன் ஒன்பது நாள் பத்தாம் தீவுக்குச் செல்ல நேர்ந்தது. தொட்டியை என் பொறுப்பில் விட்டான். அவன் தயங்கினான் என்பதை நான் கவனிக்காமல் இல்லை. மருமகள் கைக்குழந்தையோடு இருந்ததால் நானே ஏற்றுக் கொண்டேன். காரத்தை அளக்கும் முறை எளிது. சிறு குழாயில் ஐந்து மில்லி தொட்டி நீரை எடுத்து, புட்டியிலுள்ள மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நீலம் மறைந்து மஞ்சள் ஆகும் வரை எத்தனை சொட்டோ அத்தனை பாகை.

நான்காம் நாள் அளந்தேன். ஆறு. திடுக்கிட்டேன். இரண்டு பாகை எங்கே போயிற்று? மகன் இரண்டாண்டு காத்த ஒன்றை நான் நான்கு நாளில் கெடுத்துவிட்டேனோ என்ற அச்சத்தில் வேறெதுவும் தோன்றவில்லை. இரவுக்கென்று வைத்திருந்த சுண்ணாம்புத் தெளிவில் ஒரு லிட்டரை அளந்து எடுத்தேன். மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “மாமா, அவர் சொட்டுச் சொட்டாகத்தானே விடுவார்?” என்றாள். “எனக்குத் தெரியும் அம்மா” என்று சொல்லி, கால் மணி நேரத்தில் முழுவதையும் ஊற்றி முடித்தேன்.

சற்று நேரத்தில் தொட்டியில் பனி இறங்கியது போல் வெண்மை படர்ந்தது. தெளிந்துவிடும் என்று எண்ணி இஷாத் தொழுகைக்குப் போனேன். காலையில் மீண்டும் அளந்தேன். மீண்டும் ஆறு! இன்னும் போதவில்லை என்று கருதி இன்னொரு லிட்டரை ஊற்றினேன். அன்று மாலை மான்கொம்புப் பவளத்தின் அடிப்பகுதியில் தோல் உரிந்து, சுட்ட எலும்பு போல் வெள்ளை தெரிந்தது. அப்போதுதான் மகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

அவன் ஒரு கணம் பேசவில்லை. பிறகு, “மஞ்சள் ஆகும் வரை விட்டீர்களா, பச்சை வந்ததும் நிறுத்தினீர்களா?” என்றான். பச்சைதான். நீலம் மறைந்தால் போதும் என்று நினைத்துவிட்டேன். பச்சை, இடைவழி, மஞ்சளுக்கு இன்னும் இரண்டு சொட்டு வேண்டும். எனவே முதல் நாள் நீரில் எந்தக் குறையும் இல்லை. எட்டு எட்டாகவே இருந்திருக்கிறது. குறை இருந்தது என் அளவையில்.

அறிவிப்பாளர் ஒருவரின் சொல்லை, அவர் நினைவாற்றல் என்ன, யாரிடம் கேட்டார், வேறு யாரேனும் அதை உறுதி செய்கிறாரா என்று துருவாமல் ஏற்கலாகாது என ஹதீஸ் கலைப் பாடத்தில் ஆண்டுதோறும் விளக்குகிறவன் நான். ஒரே ஒரு அறிவிப்பாளர், அதுவும் என் மூக்குக்கண்ணாடி, சொன்னதை நம்பினேன். இரண்டாம் முறை அளந்து பார்க்கக்கூட இல்லை.

அந்த வெண்பனிக்குக் காரணத்தையும் அவன் பின்னர் விளக்கினான். காரம் திடீரென ஏறியதும் நீரிலுள்ள கால்சியம் கரைந்து நிற்க முடியாமல் சுண்ணாம்புத் துகளாக வெளியேறுகிறது. வெளியேறும்போது காரத்தையும் தன்னோடு கொண்டு போகிறது. நான் ஊற்றியதால் எண் ஏறவேண்டிய அளவுக்கு ஏறவில்லை. உயர்த்த எண்ணிச் செய்ததே இறக்கியது. மறுநாள் அதைக் குறைவென்று கண்டு மேலும் ஊற்ற, மேலும் இறங்கியது. பவளமோ இந்த ஏற்ற இறக்கத்தில் தோலை இழந்தது.

“இனி எதையும் சேர்க்காதீர்கள் அத்தா. நாளொன்றுக்கு ஆறு லிட்டர், கலக்கி வைத்திருக்கும் உப்பு நீரை மட்டும் மாற்றுங்கள். மற்றபடி கையைக் கட்டிக் கொண்டிருங்கள்” என்றான். எஞ்சிய நாட்களில் எனக்கு அதைவிடக் கடினமான வேலை இருந்ததில்லை.

அவன் திரும்பி வந்து தொட்டியின் முன் முழந்தாளிட்டு வெகு நேரம் பார்த்தான். மூளை போல் சுருண்டதும் பச்சை விரல்களும் பிழைத்துக் கொண்டன. மான்கொம்பு போய்விட்டது. நகக்கண் அளவுத் துண்டாக ஒரு நண்பர் கொடுத்ததாம். இரண்டாண்டில் விரித்த கை அளவு வளர்ந்திருந்தது. அதை எடுத்துக் காகிதத்தில் வைத்தான். நான் வருத்தம் தெரிவித்தேன். “பரவாயில்லை அத்தா” என்றான். பிறகு, என்னைப் பாராமலே, “ஒன்பதாவது ஜுஸுவில் நான் நின்று போனேன், நினைவிருக்கிறதா?” என்று கேட்டான்.

நினைவில்லாமலா போகும்? அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. நாளொன்றுக்கு ஒரு பக்கம் மனனம் செய்து, பழையதைத் திருப்பி ஓதி, தடையின்றிப் போய்க் கொண்டிருந்தான். அடுத்த ரமளானில் அவனை மக்கள் முன் நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு பக்கத்தை இரண்டாக்கினேன். பழைய பாடம் தடுமாறத் தொடங்கியது. தடுமாறுகிறானே என்று மூன்றாக்கினேன். ஒரு நாள் காலையில் குர்ஆனைத் திறந்து வைத்துக் கொண்டு வாய் திறவாமல் அமர்ந்திருந்தான். அதற்குப் பிறகு அவன் மனனத்துக்குத் திரும்பவே இல்லை. பள்ளிக்கூடம் போனான், படித்தான், வேலைக்குப் போனான். அல்லாஹ்வின் அருளால் தொழுகையாளியாகவே இருக்கிறான். அவனுக்கு ஊக்கம் போதவில்லை என்று இத்தனை ஆண்டுகளாக மற்றவர்களிடம் சொல்லி வந்தவன் நான்.

“நினைவிருக்கிறது” என்றேன். அவன் குறிப்பேட்டை எடுத்து அன்றைய எண்ணை எழுதினான்.

ஊருக்குத் திரும்பியதும் பிள்ளைகள் நானும் ஒரு தொட்டி வைக்கப் போகிறேனா என்று கேட்டார்கள். நம் நாட்டில் அது கூடாது என்று சொன்னேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001இல் சேர்க்கப்பட்டன. எடுப்பதும் விற்பதும் குற்றம். சிங்கப்பூரிலோ உரிய அனுமதியோடு இறக்குமதியாகின்றன. ஒருவர் தொட்டியில் வளர்ந்ததை ஒடித்து மற்றவர் வளர்ப்பதும் உண்டு. நம் மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் பவளப் பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கட்டடங்களுக்கும் வண்டி வண்டியாக ஏற்றினார்கள். 1986இல் அங்குள்ள 21 தீவுகளையும் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா அமைந்தது. அவற்றுள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில் உள்ளன. 2016இல் கடல் சூடேறியபோது அங்கே ஏராளமான பவளங்கள் வெளுத்து மடிந்தன. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் சிறு துண்டுகளைக் கட்டி, கடலடியில் நட்டு வளர்க்கும் பணியை 2002 முதல் செய்து வருகின்றனர். துண்டு நட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் அவர்களை நினைக்கும்போது, இரண்டு லிட்டரில் இரண்டாண்டை அழித்த எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தொட்டி இல்லாவிட்டாலும் தண்ணீர் இருக்கிறதே! ஒரு வியாழக்கிழமை, கடைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை எடுத்து இரு பங்கு நன்னீர் சேர்த்துக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வகுப்புக்குக் கொண்டு போனேன். மர்ஜான் கல்லா என்று கேட்ட சிறுவனை முன்னால் அழைத்து, “அன்று நான் உனக்குச் சொன்னது தவறு” என்றேன். வகுப்பு முழுவதும் நிசப்தம். பப்பாளி இலைத் தண்டு ஒன்றை அவன் கையில் கொடுத்து, உறிஞ்சாமல் ஊதச் சொன்னேன். அவன் மூச்சுப் பட்டதும் தெளிந்த நீர் பால் போலாயிற்று. “இந்த வெண்மைதான் பவளத்தின் வீடு” என்றேன். பிள்ளைகள் நெருங்கி வந்தார்கள்.

“நிறுத்தாதே, ஊது” என்றேன். களைத்ததும் அடுத்தவன் வாங்கினான். நான்கு பேர் மாறி மாறி ஊதிய பின் வெண்மை மெல்ல மெல்லக் கரைந்து நீர் மீண்டும் தெளிந்தது. “எங்கே போயிற்று ஹஜ்ரத்?” என்றான் அச்சிறுவன். மூச்சில் உள்ள வாயு சற்றே இருந்தால் சுண்ணாம்பு உருவாகும், அளவு மீறினால் அந்தச் சுண்ணாம்பையே கரைக்கும் என்று விளக்கினேன். “அப்படியானால் கடலில்?” என்றான். உலகின் ஆலைகளும் வண்டிகளும் விட்ட புகையால் கடலின் மேல்நீர் பி.எச். 8.2இலிருந்து 8.1க்கு இறங்கியிருப்பதைச் சொன்னேன். கணக்கில் புள்ளிக்குப் பின்னால் ஒன்றுதானே என்று ஒருவன் அலட்சியமாகச் சொன்னான். அமிலத்தின் அளவு ஏறத்தாழ முப்பது விழுக்காடு கூடியிருக்கிறது என்பதை அவனுக்கு விளங்க வைக்க அஸர் பாங்கு வரை ஆயிற்று.

அன்றிரவு மகனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். எத்தனை பேர் ஊதினார்கள், குவளை எவ்வளவு பெரியது, பங்கு என்ன என்று துருவித் துருவிக் கேட்டான். அவனுடைய நண்பர் மான்கொம்பில் இன்னொரு துண்டு கொடுத்திருக்கிறாராம். நகக்கண் அளவு. நுனியில் வெண்புள்ளி விட்டிருக்கிறது, அது வளரும் அடையாளம் என்றான். அன்றைய எண்ணைக் கேட்டேன்.

“7.9 அத்தா” என்றான்.